மிஷின் ரூம் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்து ஊராட்சிச் செயலர்களுக்கும், ஒன்றிய அலுவலகங்களில் ஸ்டோர் பார்ப்பவர்களுக்கும், அவர்களுக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கடலூரில் ஸ்பிரேயரும் மரம் அறுக்கும் மிஷினும் பழுது பார்க்கிற ஆள் நான். இப்போது ஆவணி மாதம். என் கடையில் இன்றைக்குப் பதினோரு மிஷின் நிற்கிறது. எட்டு சவுக்கு வெட்டுகிறவர்களுடையது, இரண்டு பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்களுடையது, ஒன்று ஒரு மர வியாபாரியுடையது. உங்களுடையது ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

உங்களிடம் மிஷினே இல்லை என்றால் எழுத மாட்டேன். இருக்கிறது. புயல் கரையேறிய மறுநாள் விடிவதற்குள் டிராக்டரிலும் டாடா ஏஸிலும் பைக்கின் பின்சீட்டிலும் அவை என் ஷட்டர் முன்னால் வந்து இறங்குவதை நான்தானே பார்க்கிறேன். ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள் எண்ணினேன், ஒன்பது. "அண்ணே, ரோட்டில் மரம் கிடக்கிறது, ஒரு மணி நேரத்தில் வேண்டும்." ஒன்பது பேருக்கும் அதே ஒரு மணி நேரம். கரண்ட் இல்லை, கம்ப்ரஸர் ஓடாது, எனக்கு இருப்பது இரண்டு கை, ஒரு டார்ச் லைட்.

அந்த ஒன்பதில் ஏழுக்கு நோய் ஒன்றுதான். போன வருடத்துப் பெட்ரோல் டேங்கிலேயே இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பைக் கார்பரேட்டரில் மிதவை இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்த மிஷினில் அது கிடையாது. சாய்த்தும் கவிழ்த்தும் பிடித்து அறுக்க வேண்டிய சாமானில் மிதவை வேலைக்கு ஆகாது. அதற்குப் பதிலாகத் தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு, டயாபிரம் என்போம், அதற்குள் இருக்கும். அது மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கினால்தான் பெட்ரோல் உள்ளே வரும். பழைய பெட்ரோலில் மாதக் கணக்கில் ஊறி, அப்புறம் காய்ந்து போனால், அந்தச் சவ்வு பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துவிடும். கயிற்றை நீங்கள் நூறு தடவை இழுத்தாலும் அது அசையாது. இழுக்கிற ஆளின் தோள்பட்டைதான் கழன்று போகும்.

பங்கில் இப்போது போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். பெட்ரோலும் நீங்கள் அளந்து ஊற்றிய ஆயிலும் மேலே நிற்கும். டேங்கின் அடியில் கிடக்கிற பில்டர் எதை முதலில் உறிஞ்சும்? ஆயில் இல்லாத அந்தத் தண்ணியைத்தான். மிஷின் ஸ்டார்ட் ஆகாமல் போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்டார்ட் ஆகிவிட்டால்தான் ஆபத்து. இரண்டு மரம் அறுப்பதற்குள் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் என்றதும் இன்னொன்று. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அடியில் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலக்கிற ஆயில்தான் அதற்கு உயிர். டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பங்கில் பெட்ரோல் போட்டதும் பக்கத்திலேயே பம்பில் அளந்து 2டி ஆயிலும் ஊற்றுவார்கள். நானே அந்த வண்டிகளில்தான் தொழில் கற்றேன். இப்போது எல்லாம் நான்கு ஸ்ட்ரோக் வண்டி, பையன்களுக்கு இந்தப் பழக்கமே இல்லை. புயல் அன்று உதவிக்கு வந்த ஒரு தம்பி, நல்ல மனசோடுதான், தன் பைக்கிலிருந்து பெட்ரோலை உருவி அப்படியே மிஷினில் ஊற்றிவிட்டான். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாக, பூனை பிறாண்டியது போல. அந்த ஊராட்சிக்கு அன்று கிடைத்தது ஒரு புளிய மரத்தில் பாதி.

கணக்கு சுலபம். நல்ல கம்பெனி மிஷினுக்கு அந்தக் கம்பெனியே சொல்கிற தரமான டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதா ஆயில் என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று, லிட்டருக்கு 40 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், ஒவ்வொரு பாட்டில் மூடியும் ஒவ்வொரு அளவு. மெடிக்கல் ஷாப்பில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதை மிஷினோடு கட்டிவிடுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மீந்தால் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

சரி, டயாபிரம் விறைத்துவிட்டது. மாற்றினால் மிஷின் ஓடும். அரை மணி நேர வேலை, சாமானும் பெரிய விலை இல்லை, இரண்டு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசுதான். பிரச்சினை, அந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது.

எனக்கு உதிரி பாகம் வருவது பெரும்பாலும் சென்னை பாரிமுனையிலிருந்து, பார்சலில். கொஞ்சம் புதுச்சேரியிலிருந்து, நானே பைக்கில் போய் வாங்கி வருவேன். சாதாரண நாளில் இன்று சொன்னால் நாளை வந்துவிடும். ஆனால் உங்களுக்குச் சாதாரண நாளில் வேண்டாமே. நிவர் புயல் வந்தது 2020 நவம்பர் 25 ராத்திரி, மரக்காணம் பக்கம் கரையேறியது. அதற்கு அடுத்த நாள் சென்னைப் பார்சல் எப்படி வரும்? ஃபெஞ்சலில் புதுச்சேரியில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டொரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து புதுச்சேரிச் சாலையும் நின்றது. மரம் சாலையில் குறுக்கே கிடக்கிறது. அதை அறுக்க வேண்டிய செயின் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் பார்சல் லாரியில் நிற்கிறது. இந்தப் பக்கம் நானும் உங்கள் செயலரும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். இது ஒவ்வொரு புயலுக்கும் நடக்கிறது. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு காட்சியை மறக்க வேண்டாம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நிவர் சமயத்தில் ஒரு செயலர் போனில் "18 இஞ்ச் செயின்" என்றார். நானும் யோசிக்காமல் "18 இஞ்ச்" என்றே சொல்லி அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்த செயின் அவர் மிஷினில் உட்காரவே இல்லை. 18 இஞ்ச் பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டுக்கு, 72 கண்ணி செயினும் உண்டு, 68 கண்ணியும் உண்டு, 66 கண்ணியும் உண்டு. இஞ்ச் என்பது பாரின் நீளம், அவ்வளவுதான். செயின் வாங்க மூன்று கணக்கு வேண்டும். பிட்ச் ஒன்று: அடுத்தடுத்து மூன்று ரிவிட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது. இரண்டாவது, பாரின் காடிக்குள் ஓடுகிற கண்ணியின் தடிமன்: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். மூன்றாவது, அந்தக் கண்ணிகள் மொத்தம் எத்தனை என்ற எண்ணிக்கை. பெரும்பாலான பார்களில் அடிப்பக்கம் இந்த மூன்றும் பொறித்தே இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. நான் அன்றைக்குச் செய்யத் தவறியது அதுதான்.

இப்போது மிஷின் வாங்குகிற விஷயம். இதில் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்கவும். எது விலை குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது உங்கள் விதி. புரிகிறது. ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா? ஒரே ஒன்றியத்தில் பக்கத்துப் பக்கத்து நான்கு ஊராட்சிகளில் நான்கு பெயரில் நான்கு மிஷின். பெயர் ஸ்டிக்கரில்தான், உள்ளே எல்லாம் ஒரே கம்பெனி மிஷினைப் பார்த்து வார்த்த நகல். அப்படியானால் பாகம் மாற்றிப் போடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் முடியாது. ஒன்றில் பிஸ்டன் 45 மில்லிமீட்டர், இன்னொன்றில் 45.2. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சின்னதைப் பெரிய சிலிண்டரில் போட்டால் கம்ப்ரஷன் நிற்காது, பெரிதைச் சின்னதில் போட்டால் இறங்கவே இறங்காது. நகல் மிஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. சவுக்குக்காரர்கள் பலர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள், தினமும் கவனிப்பதால் அது ஓடுகிறது. வருடத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற மிஷினுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. குறைந்தபட்சம் ஒரு ஒன்றியம் முழுக்க ஒரே மாடலாக வாங்குங்கள். மூன்று மிஷின் செத்தால் அதிலிருந்து இரண்டையாவது உயிர்ப்பிக்க என்னால் முடியும்.

"வாங்குவதற்குப் பில் போட முடிகிறது, ரிப்பேருக்குப் போட முடியவில்லை" என்று ஒரு செயலர் என்னிடம் சொன்னார். புது மிஷினுக்கு ஆயிரக் கணக்கில் அனுமதி வரும், நூற்றைம்பது ரூபாய் டயாபிரத்துக்கு மூன்று கையெழுத்து. பாவம், அவர் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்தார். இது மேலே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கான பத்தி.

இன்னும் ஒன்று. பிஸ்டன் பிடித்த மிஷினை லேத்துக்குக் கொண்டுபோய் போர் அடித்து, அதாவது சிலிண்டரை உள்ளே குடைந்து, வரச் சொல்கிறார்கள். டிவிஎஸ் 50க்கு அது சரி, அதன் சிலிண்டருக்குள் இரும்பு இருக்கும். இதில் அலுமினிய சிலிண்டர், உள்ளே கடினமான பூச்சு, தலைமுடி கனத்தைவிடக் குறைவு. போர் அடித்தால் பூச்சே போய்விடும். பூச்சு போகாமல் பிஸ்டனின் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தால் அதைப் பக்குவமாக எடுத்துவிட்டு வெறும் பிஸ்டனும் ரிங்கும் மாற்றி ஓட்டலாம். முதலில் என்னிடம் காட்டுங்கள், லேத்துக்கு அப்புறம் போகலாம்.

செயினைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். புயலில் விழுந்த மரம் சுத்தமான மரம் இல்லை. கடலோரச் சவுக்கின் பட்டையில் மணல் அப்பியிருக்கும், வேரோடு சாய்ந்த மரத்தில் சேறு. மணலில் இரண்டு விநாடி ஓடினால் போதும், புதுச் செயினும் மொட்டை. பலா மரத்துப் பால் பட்டுத் தூள் எல்லாம் கிளட்ச் மூடிக்குள் களி மாதிரி அடைத்துக்கொள்ளும். அறுக்கும்போது விழுகிற தூளைப் பாருங்கள்: செதில் செதிலாக விழுந்தால் கூர் இருக்கிறது, கோதுமை மாவு மாதிரி பறந்தால் கூர் போய்விட்டது. போன பிறகும் மிஷினை அமுக்கி அமுக்கி அறுப்பதால்தான் பாரும் கிளட்சும் புகைந்து போகின்றன. வட்ட அரம் ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும். சின்ன மிஷினின் செயினுக்கு 4 மில்லிமீட்டர், நடுத்தர மிஷினுக்கு 4.8. ஒரு டேங்க் பெட்ரோலுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்த்தால் மிஷின் வளைந்து வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டையும் மறக்கக் கூடாது. அது பல்லை விட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்க வேண்டும். பல் தேயத் தேய அந்த மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். ஒரேயடியாக இறக்கினால் மிஷின் உதைக்கும்.

இந்தப் பல்லின் வடிவத்துக்கே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டி, ஒரு மரக்கட்டையை வண்டின் புழு இடதும் வலதுமாகத் தின்றுகொண்டு போவதை உட்கார்ந்து பார்த்தாராம். அந்த வாயைப் பார்த்துச் செய்ததுதான் 1947இல் விற்பனைக்கு வந்த அவருடைய செயின். இன்றைக்கு நாம் பிடிக்கிற செயினெல்லாம் அந்த வம்சம்தான். நம் தென்னையைத் துளைக்கிற வண்டை எத்தனை பேர் பார்த்துத் திட்டியிருக்கிறோம், ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை!

செயினைத் திருப்பி மாட்டிக் கொண்டுவந்து "அறுக்கவே மாட்டேன் என்கிறது" என்றவர்கள் மூன்று பேர். பெயர் சொல்ல மாட்டேன். பாரின் மேல் விளிம்பில் பல்லின் முகம் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம், செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கிற இரும்புத் துகள் ஆயில் பம்பைத் தின்றுவிடும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஆயில் போதும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிற அந்த பிளாஸ்டிக் தடுப்பு அலங்காரத்துக்கு இல்லை. பாரின் முனை எதிலாவது இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது கை பட்டுச் செயினை நிறுத்துவது அதுதான். கிளை இடிக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்த மிஷின்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிரேக் இல்லாத மிஷினைச் சரி செய்து கொடுக்க மாட்டேன், ஆட்சியர் சொன்னாலும் சரி. லுங்கி கட்டி, ரப்பர் செருப்பு போட்டு அறுக்கிற உங்கள் தூய்மைப் பணியாளருக்கு அந்தத் தடுப்பு ஒன்றுதான் துணை. அவருக்கு பூட்ஸும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள் என்று தெரியும்.

நான் கேட்பது என்ன?

மிஷினை இந்த மாதமோ புரட்டாசியிலோ கொண்டு வாருங்கள். ஒரே நாளில் எல்லாரும் வேண்டாம், ஒன்றியத்துக்கு ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டால் ஐப்பசிக்குள் முடித்துவிடலாம். எனக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் சிதம்பரத்திலும் என்னைப் போல ஆள்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் யாரோ அவரிடம் கொடுங்கள்.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் வையுங்கள். அதில் உங்கள் மாடலுக்கான இரண்டு செயின், இரண்டு ஸ்பார்க் பிளக், ஒரு டயாபிரம் கிட், பெட்ரோல் பில்டரும் அதன் ரப்பர் டியூபும், ஸ்டார்ட்டர் கயிறு ஐந்து மீட்டர், செயினை ஓட்டுகிற பல் சக்கரமான ஸ்பிராக்கெட் ஒன்று, அரம் நான்கு. முக்கியமாக பார் நட்டு இரண்டு. சிரிக்காதீர்கள், ஃபெஞ்சலின்போது ஒரு மிஷின் நாள் முழுக்கச் சும்மா நின்றது ஒரு நட்டு சேற்றில் விழுந்து தொலைந்ததால்தான். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு ஸ்பிராக்கெட் மாற்ற வேண்டும், அதனால்தான் அந்த எண்ணிக்கை. டின் மொத்தமும் ஒரு புது மிஷின் விலையில் பாதிகூட ஆகாது.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறீர்கள், நல்ல விஷயம். அன்றைக்கே டேங்க் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தும் பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் பழைய பெட்ரோல் என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு யோசனை, இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். அக்டோபர் 2ஆம் தேதி எல்லா ஊரிலும் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு படிப்பதற்கு முன்னால் மிஷினை மேடைப் பக்கம் கொண்டுவந்து வைத்து, அதை ஓட்டுகிற ஆளையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஊரே பார்க்கட்டும். ஐந்து இழுப்பில் பிடித்துக்கொண்டால் கைதட்டட்டும். பிடிக்காவிட்டால் அடுத்த நாளே யாராவது அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கும். நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினக் கிராம சபையில் இன்னொரு தடவை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் வந்தபோது என்னிடம் இருந்தது ஸ்பிரேயர் வேலை மட்டும்தான். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது காற்று. பொழுது விடிந்ததும் பண்ருட்டிப் பக்கம் போனேன். முப்பது நாற்பது வருடத்துப் பலா மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ரோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கோடாலியாலும் கை ரம்பத்தாலும் ஜனங்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நம்மிடம் மிஷின் இல்லை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கு இருக்கிறது, உங்கள் அறையில், பூட்டுக்குள். சாவி உங்களிடம்.

கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பஸ்ஸில் கொண்டு வருவதானால் பெட்ரோலை வடித்துவிட்டு வாருங்கள், கண்டக்டர் ஏற்ற மாட்டார். பழைய செயினைத் தூக்கிப் போடாமல் அதையும் எடுத்து வாருங்கள், பல் பாதி இருந்தால் தீட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிஷின் மெக்கானிக், கடலூர்.

பி.கு.: ஃபெஞ்சலுக்கு மறுநாள் ஆரஞ்சு நிற மிஷின் ஒன்றை விட்டுவிட்டு "சாயங்காலம் வருகிறேன்" என்று போனவர் எந்த ஊராட்சி என்று கேட்க மறந்துவிட்டேன். டயாபிரம் மாற்றியாகிவிட்டது, செயின் தீட்டியாகிவிட்டது. மாதம் ஒரு தடவை நானே ஐந்து நிமிடம் ஓட்டி வைக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளவும்.